வலையால் தேய்த்த கைகள்

ஸ்பெயின் கடலோர ஊரான சாந்தோன்யாவில் நெத்திலி வேலை பார்க்கிற பெண்ணைக் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் வந்தால் போதும். மாதக்கணக்கில் பீப்பாயில் உப்புக்குள் அழுந்திக் கிடந்த மீனின் வாடை நகக்கண்ணில் புகுந்துகொண்டு வீடு வரைக்கும் கூட வரும். அதனால் வேலை முடிந்ததும் நாங்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வோம். எலுமிச்சையைப் பிளந்து பிழிந்து, பாத்திரம் துலக்கும் சோப்பையும் ஊற்றி, வலைத்துண்டால் கையைப் பரபரவென்று தேய்ப்போம். நெத்திலியை டப்பாவில் அடைக்கிற எங்கள் பட்டறையில், வெந்நீரில் நனைத்த மீனைத் தேய்க்க ஆளுக்கொரு பழைய வலைத்துண்டு கொடுப்பார்கள். அதில் ஒன்று எங்கள் எல்லார் வீட்டுக் குளியலறையிலும் தொங்கும்.

என் பெயர் நியேவெஸ். ஜன்னலோர மேசை என்னுடையது. அங்கே என்னைவிட வேகமான கை கிடையாது. நான் பிளந்த மீனில் முள் இருந்ததாக ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை. மேற்பார்வை பார்க்கிற செலோ திங்கட்கிழமைதோறும் காலையில் எல்லாரையும் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். திறந்த புண் இருந்தால் சாப்பாட்டுப் பொருளைத் தொடக் கூடாது. அட்டைப்பெட்டி மடிக்கிற அறைக்குப் போக வேண்டியதுதான். அங்கே போன கை மேசைக்குத் திரும்பினதை நான் பார்த்ததில்லை. காலியான நாற்காலியில் அன்றைக்கே வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள்.

அந்தக் கோடையில் என் விரல்கள் வெடித்தன. முதலில் கணுக்களில் சிவப்பு, அப்புறம் செதில், அப்புறம் கோடு கோடாகப் பிளவு. உப்பு பட்டால் உயிர் போயிற்று.

செலோ என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, வறண்ட குளமாட்டம்?"

"சரியாயிடும்."

"எப்போ? ரத்தம் மீன்ல சொட்டின பிறகா? இப்போதைக்கு க்ளவுஸ் போட்டுக்க. மாதா திருவிழா முடிஞ்சு வர்ற திங்கக்கிழமை பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா அட்டைப்பெட்டிதான். அழுதுக்கிட்டு வந்து நிக்காத."

"நான் எப்ப அழுதேன்?"

"அதான் சொல்றேன், அழாத."

க்ளவுஸ் போட்ட விரலுக்குக் கண் இல்லை. மெல்லிய முள் சதைக்குள் ஒளிந்தால் தெரியாது. ஒவ்வொரு மீனையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த ரெமே சிரித்தாள். "என்னடி, நெத்திலிக்கு எக்ஸ்ரே எடுக்கிறியா?"

அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போனேன். இட்சியார்தான் கடைக்காரி. எதையும் விற்பதற்கு முன் விசாரிக்கிற ஆள்.

"வலுவான களிம்பா ஒண்ணு குடு."

"எதால கை கழுவுற?"

"எல்லாரும் கழுவுற மாதிரிதான். எலுமிச்சை, சோப்பு, வலை."

"எந்த வலை?"

"மீனுக்கு வெச்சிருக்கிற வலை."

"மீனுக்கு அது எதுக்கு?"

"தோலை உரிக்க."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. இத்தனை வருஷமாக உப்பைத் திட்டியிருக்கிறேன், முதலாளியைத் திட்டியிருக்கிறேன். தினமும் என் தோலை நானே உரித்துக்கொண்டிருந்தேன்.

இட்சியார் சிரிக்கவில்லை. "படகுல பலகை இடுக்குக்கு என்ன பண்றாங்க? பஞ்சு திணிச்சுத் தார் அடிக்கிறாங்க இல்ல? தோலுக்கும் அப்படி ஒரு கொழுப்பு இருக்கு. எலுமிச்சையும் சோப்பும் அதைக் கரைச்சிடுது, மிச்சத்தை வலை சுரண்டிடுது. அப்புறம் உள்ள இருக்கிற ஈரம் வெளிய போகும், வெளிய இருக்கிற உப்பு உள்ள வரும். முழுகாம என்ன செய்யும்?"

"சரி, களிம்பு?"

"களிம்பு கெடக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணி, வாசனை இல்லாத சோப்பு. தேய்க்காத, ஒத்தி எடு. கை முழுசாக் காயறதுக்குள்ள வாசலின் தடவு. படுக்கும்போது இன்னொரு தடவை தடவிப் பருத்தி உறை போட்டுக்க. வேலையில ரப்பர் க்ளவுஸுக்கு உள்ளேயும் ஒரு பருத்தி உறை போடு, வேர்வை நிக்காது. மூஞ்சிக்கும் இவ்வளவுதான் வேணும். வெயில்ல இறங்கினா வெயில் கிரீம் சேத்துக்க. வேற எதுவும் வாங்காத."

"வாடை?"

"வாடை இருக்கும்."

வாசலின் டப்பாவும் ஒரு சோப்பும்தான் கொடுத்தாள். அவள் கடையில் இவ்வளவு குறைவாக நான் வாங்கினதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வலைத்துண்டைக் குப்பையில் போட்டேன். முதல் சில நாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு எரிச்சல் நின்றது, செதில் உதிர்ந்தது, பிளவுகள் ஓரத்திலிருந்து மூட ஆரம்பித்தன. வாடை மட்டும் அசையவில்லை. பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. உட்கார்ந்துகொள்ள வசதியாகத்தான் இருந்தது.

திருவிழா அன்று சாயங்காலம் ரெமே வீட்டில் எல்லாரும் உடுத்திக் கிளம்பத் தயாரானோம். சமையலறையில் எலுமிச்சை மலையாகக் குவிந்திருந்தது. ஆளாளுக்குத் தேய்த்தார்கள். ரெமே பாதி எலுமிச்சையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தானேடி. போன்சோ வருவான், தெரியுமில்ல?"

"வரட்டும்."

"பூனைதான் உன் பின்னாலயே வரும்."

"பூனைக்காவது ருசி தெரியும்."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் கை அந்த எலுமிச்சைக்கு நீளப் பார்த்தது. போன்சோவை எனக்குப் பிடிக்கும். திங்கட்கிழமையை நினைத்தேன். அட்டைப்பெட்டி அறையின் பசை நாற்றத்தை நினைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒத்தி எடுத்து, வாசலின் தடவிக்கொண்டு கிளம்பினேன்.

சதுக்கத்தில் வாத்தியக்காரர்கள் இரண்டாவது பாட்டுக்குப் போவதற்குள் போன்சோ வந்து கையைப் பிடித்தான். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். மூக்கைச் சுருக்கினான்.

"நெத்திலியா?"

"ஆமா. உன் மேல டீசல். ஆடப்போறியா, மோந்துக்கிட்டே நிக்கப்போறியா?"

ஆடினான். நன்றாகவே ஆடினான்.

திங்கட்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் ரெமே நின்றாள். எலுமிச்சையும் வலையும் சேர்ந்து அவள் சுண்டுவிரல் ஓரத்தைப் பிளந்திருந்தன. "ஒரு வாரம் பெட்டி மடி, அப்புறம் பாக்கலாம்" என்றாள் செலோ. ரெமே கெட்ட வார்த்தை ஒன்றை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

என் கையைப் பிடித்தாள் செலோ. கணுக்கள் சுத்தமாக இருந்தன. கட்டை விரலடியில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று மிச்சம். அவள் கண் அங்கேயே நின்றது.

"இது?"

"மூடிடுச்சு. அழுத்திப் பாரு."

"சும்மா சொல்லாத."

"நீ அழுத்து, செலோ. ஈரம் வந்தா நானே பெட்டி அறைக்குப் போறேன்."

நகம் பதிய அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். தோல் விட்டுக்கொடுக்கவில்லை.

"என்னத்தடி போட்ட?"

"வாசலின். மத்ததெல்லாம் விட்டேன்."

"நாத்தம் அடிக்குதே."

"மீன் பட்டறையில வேற என்ன அடிக்கும்?"

உதட்டை மடக்கிச் சிரிப்பை அடக்கினாள். "இனி க்ளவுஸ் வேணாம், போய் உக்காரு."

உட்கார்ந்தேன். முதல் மீனை எடுத்துப் பிளந்தேன். உப்பு நீர் மணிக்கட்டு வரை வழிந்தது, எரியவில்லை. நடு முள் ஒரே இழுப்பில் வந்தது. சதைக்குள் மயிர் போல ஒரு முள் தங்கியிருந்தது. வெளிச்சத்துக்குத் தூக்காமலே விரல் அதைத் தொட்டுக் கண்டுபிடித்தது.