பல் டாக்டர் வீட்டுக்கு வந்த கற்கள்

பல் டாக்டர் மலைப்பாதையில் உதைத்துத் தள்ளிய கற்குவியல் ஒவ்வொன்றும் மறுநாள் விடிவதற்குள் அவர் வீட்டுக்கு வந்து, பழையபடி அடுக்காக நின்றது. முதலில் வந்தது செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது. அடுத்தது சமையலறையில், ஃபிரிட்ஜை ஒட்டி. எப்படி வருகின்றன என்று தெருவில் யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. வாசலிலும் கல் வந்து நிற்பதால் வண்டி நிறுத்த இடமில்லை என்பதுதான் எதிர்வீட்டாரின் புகார்.

டாக்டருக்கு மலை என்றால் உயிர். மனிதக் கை பட்ட எதுவும் அங்கே இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை. மனிதக் கால் படலாம். அதனால் ஞாயிறுதோறும் கனத்த பூட்ஸோடு ஏறுவார். அவருடைய மச்சினன் வேறு ரகம். கல்லைக் கண்டால் அடுக்குவான், அதன் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து படம் எடுத்துப் போடுவான். மன அமைதியாம். இந்த இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் பாதைக் காவலர். பனிமூட்டத்தில் ஜனங்கள் வழி தவறாமலிருக்க, பாதை பிரியும் இடங்களில் அவரும் கல் அடுக்கி வைப்பார். படத்துக்கு லாயக்கில்லாத, அவலட்சணமான குவியல்கள். டாக்டர் பாரபட்சம் பார்க்காதவர், அவற்றையும் உதைத்தார்.

"நான் வச்சதும் அந்தத் தம்பி வச்சதும் ஒண்ணா சார்?"

"எல்லாம் கல்லுதானேப்பா" என்றார் டாக்டர்.

சில வருடங்களில் வீடு நிறைந்துவிட்டது. சாப்பாட்டு மேசைக்கு ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. உதைத்தவர் உதைத்ததோடு சரி. தூசு தட்டியது அவர் மனைவி.

டாக்டருக்கே பல்வலி வந்த ஒரு ஞாயிறன்று, அவள் தம்பியோடு மலை ஏறினாள். அவன் படம் எடுக்கப் பின்தங்கினான். பனி இறங்கியது. பாதை பிரியும் இடத்தில் காவலரின் குவியல் இல்லை. போன வாரம்தான் டாக்டர் அதைக் காலால் கவனித்திருந்தார். தம்பி எப்போதோ அடுக்கி, டாக்டர் கண்ணுக்குத் தப்பிய அழகான குவியல்கள் மட்டும் தெரிந்தன. அவற்றை நம்பி நடந்தாள். அவை எல்லாம் காட்சி நன்றாக இருக்கும் இடத்துக்கே போயின, அதாவது பள்ளத்தின் விளிம்புக்கு. அடுத்த அடி வைக்க அங்கே தரை இல்லை.

"மாமா, அக்காவைக் காணோம்!" என்று மச்சினன் போனில் அலறினான்.

வீங்கிய கன்னத்தோடு டாக்டர் வாய்விட்டு அழுதார். அவளில்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பிறகு வாசல் கதவை அகலத் திறந்துவிட்டு, சமையலறைக் குவியலின் முன் மண்டியிட்டார்.

"தப்பு என்னுதுதான். அவளைக் கூட்டிட்டு வந்துடுங்க."

கற்கள் கிளம்பின. படியிறங்கி, தெருவைக் கடந்து, மலை வரைக்கும் இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. விளிம்பில் உறைந்து நின்றவளின் கைக்கு ஒரு குவியல் தட்டுப்பட்டது. அதில் அவள் வீட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. ஃபிரிட்ஜ் பக்கத்துக் குவியல்! அடுத்தது செருப்பு அலமாரியுடையது, அதற்கடுத்தது குளியலறையுடையது. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வீடு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே தம்பியும் வந்தான், ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டு.

மற்றவை மலையிலேயே தங்கிவிட்டன. பிசுக்குப் பிடித்தது மட்டும் திரும்பி வந்து படுக்கையறை வாசலில் நின்றுகொண்டது. மறுநாள் காலையில் டாக்டர் பழக்க தோஷத்தில் காலைத் தூக்கினார்.

"அதுமேல கால் பட்டுச்சு, அவ்வளவுதான்" என்றாள் மனைவி. "இந்த வீட்டுல வழி தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

டாக்டர் காலை இறக்கி, அதைச் சுற்றிக்கொண்டு பல் தேய்க்கப் போனார்.