மலைமேல் ஓர் ஆடு தெரியும் திரை

துறைமுகத்தில் அவரை எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் கிரேனுக்குள் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். கீழே வேலை செய்பவர்களுக்கு அவர் வாக்கிடாக்கியில் கேட்கும் ஒரு கரகரப்பு, அவ்வளவுதான். பனி மூடிய நாட்களில் அவருக்குக் கப்பலும் தெரியாது, தரையும் தெரியாது. வெள்ளை வெளேரென்று ஒரு பரப்பு; அதற்குமேல் மற்ற கிரேன்களின் தலைகள்; அப்பால் மலைகளின் முதுகு. பனி விலகும்வரை வேலை நிற்கும். அவர் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

வருடாந்தரப் பரிசோதனையில் மருத்துவர் அவருடைய ரத்த அழுத்தத்தை மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, இனிமேல் கிரேனில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். மேகம் "சரி" என்றார். கிடங்கு வாசலில் ஒரு நாற்காலி போட்டு, வந்து போகும் லாரிகளைப் பதிவுசெய்கிற வேலையைக் கொடுத்தார்கள். நாற்காலிக்கு எதிரே ஒரு சுவர்.

அவருடைய மனைவி ஒரு பேக்கரியில் கேக்குகளுக்குச் சர்க்கரைப் பூ வைப்பவள். வேலை மாறியதிலிருந்து கணவர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஜன்னலோரம் போய் நிற்பதை அவள் கவனித்தாள். அங்கேயும் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். ஆனாலும் நிற்பார்.

ஒருநாள் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். கிடங்கில் ஒருவர் கைபேசியில் ஒரு விளையாட்டைக் காட்டினாராம். அதில் சண்டை கிடையாது, போட்டி கிடையாது. பெரிய நிலப்பரப்பு ஒன்றில் இஷ்டத்துக்கு நடக்கலாம், மலை ஏறலாம், பனிகூட வருமாம். கைபேசியில் எல்லாம் கடுகு மாதிரித் தெரிந்தது. நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் புல் நுனிகூடத் தெரியுமாம். சொல்லிவிட்டு, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று தானே சிரித்துக்கொண்டார். அவள் சிரிக்கவில்லை. வேலை மாறியபோது நிர்வாகம் கொடுத்த தொகையில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கலாம் என்றாள். அதற்குமேல் ஒரு காசு கிடையாது என்பதையும் கையோடு சொல்லிவிட்டாள்.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. டாக்டர் சொன்ன கணக்கில் இந்த மாடி சேராதுதானே என்று படியேறும்போது கேட்டார். அவள் முறைத்தாள்.

உள்ளே ஏசி குளிர். அலமாரிகளில் குட்டிக் குட்டி மின்விசிறிகள் நீலமும் ஊதாவுமாக ஒளிவிட்டுச் சுழன்றன. தேனீக்கூட்டம் தூரத்தில் பறப்பதுபோல ஒரு ரீங்காரம். மேகம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்த கடைக்காரப் பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். பளபளக்கும் கண்ணாடிப் பெட்டி, இருப்பதிலேயே பெரிய பிராசஸர், தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கும் குழாய்கள், எல்லாம். அவள் கூட்டிப் பார்த்துவிட்டு, போதாது என்று மெல்லத் தலையசைத்தாள். பணத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் திரையைக் குறைக்க வேண்டும்.

வித்தியாசத்தைக் காட்ட இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படத்தைப் போட்டாள். ஒன்றில் மலை தெரிந்தது. மற்றதில், அந்த மலையின் உச்சிப் பாறையில் ஒரு வெள்ளாடு நிற்பதும் தெரிந்தது. மேகம் அந்த ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் தாடி காற்றில் ஒதுங்கியிருந்தது. பிறகு சாதாரணத் திரையைத் தொட்டு, "சரி, இதுவே போதும்" என்றார்.

அந்தச் "சரி" எந்தச் "சரி" என்று அவர் மனைவிக்குத் தெரியும்.

"லைட்டெல்லாம் வேணாங்க. கண்ணாடிப் பெட்டியும் வேணாம்" என்றாள் கடைக்காரப் பெண்ணிடம். "இவருக்கு அந்த ஆடு தெரியணும். அதுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் சொல்லுங்க."

கடைக்காரப் பெண் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள். என்ன விளையாட்டு என்று கேட்டாள். நடப்பதுதான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. ஓடிப் பிடித்துச் சுடுகிற ஆட்டமென்றால் காட்சி மின்னலாக மாற வேண்டும். நடப்பதற்கு அவ்வளவு வேகம் எதற்கு? இவ்வளவு நுணுக்கமான திரையில் பாரமெல்லாம் படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டு தலையில்தான் விழும், பிராசஸர் நடுத்தரமாக இருந்தாலே போதும் என்றாள். போன வருடத்து கார்டு ஒன்று, ஒருவர் கொஞ்ச நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது, அவளே ஓட்டிப் பார்த்தது, பாதி விலைக்கு இருந்தது. பெட்டி வெறும் கறுப்புத் தகரம், காற்றுப் போக ஓட்டைகள். ஒரே ஓர் இடத்தில்தான் அவள் இறங்கி வரவில்லை.

"பவர் சப்ளைல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க அண்ணே. பெட்டியோட வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்."

ஆடு தெரிகிற திரையோடுதான் வீட்டுக்கு வந்தார்கள்.

விடுமுறை நாளில் சாப்பாட்டு மேசையில் பாகங்களைப் பரப்பினார்கள். கப்பல் பெட்டிகளை அநாயாசமாகத் தூக்கி வைத்த கை, நகத்தளவு திருகாணியைப் பிடிக்க முடியாமல் தடுமாறியது. பிராசஸரை அவள்தான் விரல்நுனியில் ஏந்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அதன் இடத்தில் இறக்கினாள். பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன. திரை இருட்டாகவே இருந்தது. எல்லாம் போச்சு என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். திரையின் கேபிள் கார்டில் இல்லாமல் மதர்போர்டில் செருகியிருந்தது. மாற்றிச் செருகினாள். அறைக்குள் வெளிச்சம் வந்தது.

அவர் மெதுவாக மலை ஏறினார். புற்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து வழிவிட்டன. உச்சிக்குப் போனபோது கீழே பனி இறங்கிக்கொண்டிருந்தது. மரங்கள் மறைந்தன, பாதை மறைந்தது. வெள்ளைக்கு அப்பால் மலைகளின் முதுகுகள் மட்டும் மிதந்தன.

மேலே என்னதான் இருக்கிறது என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒன்றுமில்லை, வெறும் பனி என்றுதான் சொல்வார். இப்போது அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுதானா?"

"கிட்டத்தட்ட. அங்க குளிரும்" என்றார்.

"இத்தனை வருஷமா இதைத் தனியாவா பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

அவர் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்து, ஆட்டத்தை நடத்தும் கண்ட்ரோலரையும் கையில் வைத்தார். அவள் எதையோ அழுத்தினாள்; நேராக விளிம்பைத் தாண்டி நடந்துவிட்டாள். பனிக்குள் விழுந்து, விழுந்து, ஓர் ஆற்றில் போய்ச் சேர்ந்தாள். நனைந்தபடி எழுந்து நின்றாள். மேகம் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரையோரமாக நடக்கத் தொடங்கியிருந்தாள். பசி வந்ததும் அவரே போய் அடுப்பைப் பற்றவைத்தார். தட்டோடு திரும்பி வந்தபோதும் நடந்துகொண்டேதான் இருந்தாள். இலைகளின் நிழல் அவள் முகத்தில் அசைந்தது.

"வாங்க" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க ஒரு படகு கட்டியிருக்கு."

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.