குறை கேட்கும் நாற்காலி

குளிர்பெட்டி விற்கும் அந்தக் கம்பெனியின் குறை கேட்புப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. வேலை ரொம்ப எளிது. காலையில் வந்து உட்கார்ந்து, போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஊரார் திட்டுவதையெல்லாம் வாங்கிக்கொண்டு, "கண்டிப்பா பார்க்கிறோம் சார்" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்.

வெண்கலத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த வேலை. வெண்கலம் என்பது அவளுடைய கணீரென்ற குரலுக்காகப் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. வாய்ப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நேர்காணலில் மேனேஜர் கோபக்கார வாடிக்கையாளராக நடித்துக் கத்தினார். அவள் பேசிய பேச்சில் கடைசியில் அவரே மன்னிப்புக் கேட்டார்.

"வேலை உங்களுக்குத்தான்மா. மெடிக்கல் மட்டும் பாக்கி. சும்மா ஒரு சம்பிரதாயம்."

வீட்டுக்காரர் வேலையிழந்து மாதக்கணக்காகிறது. அந்த ஒரு வாக்கை நம்பி, நாத்தனார் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

கம்பெனி டாக்டர் தன் உருளும் நாற்காலியை விட்டு எழுந்ததாகச் சரித்திரமில்லை. குதிகாலால் தரையை உதைத்து, மேசையிலிருந்து கை கழுவும் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து எடை மெஷினுக்கும் படகு மாதிரி மிதந்து போவார். வெண்கலத்திடமும் அப்படித்தான் மிதந்து வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. பேனா முனையால் துணியை முழங்கால்வரை ஒதுக்கினார்.

"ரெண்டும் ஒரே சைஸ் இல்லையே!" என்று நர்ஸிடம் அறிவித்தார், புதுக் கண்டம் கண்டுபிடித்தவர் போல. "எங்க, குந்தி உட்கார்ந்து எழுந்திரும்மா."

"முடியாதுங்க டாக்டர். போன் எடுக்கிறதுக்கு எதுக்குங்க குந்தணும்?"

"லோடு ஏத்துறவங்களுக்கும் இதே டெஸ்ட்தான். இங்க பாரபட்சமே கிடையாது."

"நான் பெட்டி தூக்க வரலைங்களே."

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்போ நீங்க சேரும்போது எத்தனை தடவை குந்தினீங்க?"

நர்ஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"நான் டாக்டர்மா," என்றார் அவர், அது ஏதோ தொடைத்தசையின் பெயர் என்பது போல. பிறகு, 'குந்தி' என்ற சொல்லை எழுதக்கூடச் சோம்பல்பட்டு, "தகுதியில்லை. உட்கார்ந்தால் எழ இயலாது" என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார்.

சீட்டைப் படித்த மேனேஜரின் வாயிலிருந்து தேன் சொட்டியது.

"உட்காருங்கம்மா. எனக்கும் வருத்தம்தான். எனக்கு ஒண்ணும் இல்ல, மேல இருக்கறவங்க கேப்பாங்க. அதோட, குறை கேட்கிற எடத்துலயே குறை இருக்கறவங்கள வெச்சா ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"போன்ல காலு தெரியுமா சார்?"

"அப்படிப் பேசாதீங்க. மாற்றுத்திறனாளின்னா எங்களுக்கு உயிரு. வருஷா வருஷம் ஊன்றுகோல் குடுத்து போட்டோ எடுத்துக்கறோமே!"

அழுகை வருமென்று பயந்திருந்தாள். வந்தது கோபம். பேனாவால் தொட்ட டாக்டராவது தேன் தடவவில்லை.

"இது அநியாயம் சார். நான் இதை யார்கிட்ட முறையிடறது?"

"தாராளமா முறையிடலாம்!" மேனேஜருக்கு முகம் மலர்ந்தது. "அதுக்குன்னே நம்ம குறை கேட்புப் பிரிவு இருக்கு."

"அங்க யாரு இருக்காங்க?"

மேனேஜர் மேசைமேலிருந்த பேனாவை நேராக வைத்தார்.

"ஆள் தேடிக்கிட்டிருக்கோம்," என்று முணுமுணுத்தார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, "சரிம்மா, எழுந்திருங்க. அடுத்தவங்க காத்திருக்காங்க."

வெண்கலம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"அதெப்படி சார்? உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாதுன்னு உங்க டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரே. டாக்டர் பொய் சொல்லுவாரா?"

மேனேஜர் அவளைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கடைசியில் எழுந்து வெளியே போனவர் அவர்தான்.