படகின் இடது பின்மூலை

புதிதாக ஒரு நிட்டிங் மெஷினை இறக்கி வைத்தால் நான் முதலில் எடுப்பது ரசமட்டத்தைத்தான். மெஷின் ஒரு நூலளவு சாய்ந்து நின்றாலும் துணியில் குறை வரும். அப்புறம் குற்றவாளிக் கூண்டில் மெக்கானிக் வேல்குமாராகிய நான்தான் நிற்க வேண்டும். பதினெட்டு வருடமாக வீரபாண்டியில் லிங்கசாமி முதலாளியின் கம்பெனியில் எனக்கு இதே வேலை. அதனால் அவர் ஒரு படகை வாங்கிக் கொண்டுவந்து, "வேலு, இதுல அலை வர மாட்டேங்குது, என்ன ஏதுன்னு பாரு" என்றபோதும் நான் ரசமட்டத்தோடுதான் போனேன். இதற்காக என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

படகு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முதலாளிக்கு ஒரே மகள், அனுப்பிரியா. வெளிநாட்டில் துணி டிசைன் படிக்கப் போனவள், அங்கே ஏரியில் படகுக்குப் பின்னால் பலகையில் நின்று சறுக்கவும் கற்றுக்கொண்டாள். வேக்சர்ஃபிங் என்று பெயர். கடலில் அலை தானாக வரும். இதில் படகுதான் அலையைக் கிளப்ப வேண்டும். ஆள் கயிற்றைப் பிடித்துப் பலகையில் எழுந்து நின்று, அலை தள்ள ஆரம்பித்ததும் கயிற்றைப் படகுக்குள் வீசிவிட வேண்டும். அதன் பிறகு பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. நல்ல அலையாக இருந்தால் அதுவே ஆளைத் தள்ளிக்கொண்டு வரும்.

படிப்பு முடிந்து அவள் ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதலாளியம்மா இறந்து மூன்று வருடம். அந்தப் பெரிய வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல் முதலாளி எங்களோடு கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் வந்த பிறகுதான் மத்தியானம் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துப் போர்ச்சுகலில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மகளிடம் போ என்றும் சொல்லாமல் இரு என்றும் சொல்லாமல், மனிதர் கொச்சிக்குப் போய்ப் பழைய படகு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"அங்க இருந்த அந்த அலை மேலதான் அவளுக்கு நெனப்பு வேலு. அதைய இங்கயே பண்ணிக் குடுத்துட்டா புள்ள இருந்துக்குவா" என்றார் என்னிடம். நானும் நம்பினேன். அவர் திரும்பவும் கேன்டீனுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

அமராவதி அணைக்குப் போகலாமா என்று ராக்கையா கேட்டான். துணிக்குச் சாயம் ஏற்றும் டையிங் பிரிவில் வேலை செய்கிற மதுரைப் பக்கத்துக்காரன், நீச்சல் தெரிந்தவன் என்பதால் அவனையும் சேர்த்திருந்தோம். அது அரசாங்க அணை, போதாததற்கு உள்ளே முதலை வேறு. மங்கலம் தாண்டி முதலாளியின் தோட்டத்தை ஒட்டி அவருடைய பழைய பாறைக்குழி ஒன்று இருக்கிறது. கல் உடைப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகி, ஏரி மாதிரி நீளமாகத் தண்ணீர் நிற்கிறது. படகை அங்கே இறக்கினோம்.

படகு கனமாக இருந்தால்தான் தண்ணீரை அமுக்கி அலை எழுப்பும் என்று அனுப்பிரியா சொல்லியிருந்தாள். டையிங்கில் கிடந்த முப்பத்தைந்து லிட்டர் கேன்களைக் கழுவி, இருபது கேனில் தண்ணீர் நிரப்பி, நான்கு மூலைக்கும் ஐந்தைந்தாக வைத்தேன். ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் வந்து நின்றது. முதலாளி "சபாஷ்" என்றார். நான் ஓட்டினேன். படகுக்கு இரண்டு பக்கமும் சமமாகச் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை வந்தது, அவ்வளவுதான். அனுப்பிரியா கயிற்றை விட்டதும் அப்படியே முழுகிப் போனாள்.

படகில் ஏறி வந்து, "வேலண்ணா, படகு சாயோணுங்க" என்றாள்.

"சாயோணுமா?"

"ஆமாங்க. எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்து அலைதான் நல்லா எந்திரிக்கும். நான் இடது கால முன்னால வச்சு நிக்கறவளுங்க. எனக்கு இடது பக்கம் சாயோணும், பின்னாலயும் அமுங்கோணும்."

வாழ்நாள் பூராவும் சாய்வை எடுத்தே சம்பளம் வாங்கியவனிடம் சாய்த்துக் கொடு என்றால் எப்படி இருக்கும்? முதலில் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவள் மேல் கோபமும் வந்தது. நான் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு படகுக்குள் தவழ்ந்தபோது, பெரியவர் செய்கிறாரே என்று மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கேன்களில் பாதிக்கு மேல் இடது பின்மூலைக்குப் போயின. முழங்கால் உயரத்துக்கு ஓர் அலை எழுந்தது. கயிற்றை விட்டு மூன்று எண்ணுவதற்குள் அவளைக் கைவிட்டுவிட்டது. இன்னொரு தடவை ஓட்ட வேண்டுமென்றால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கிளம்பிய அலை பாறையில் மோதித் திரும்பி, மறுபடியும் மோதி, அடங்கி முடிய அவ்வளவு நேரம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் அப்பாவும் மகளும் காப்பியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாவது வாரம் இன்னும் ஆறு கேனைப் பின்னால் ஏற்றினேன். ஓடும்போது விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. "அண்ணே, போதும்ணே! மீனுக்கு நாமளே சோறாப் போயிருவோம் போலருக்கு!" என்று ராக்கையா கத்தினான். ஐந்து எண்ணுவதற்குள் அவள் விழுந்தாள். அதற்கு மேல் கேன் ஏற்றினால் படகே முழுகும்.

அந்த வாரம் எனக்குத் தூக்கம் கெட்டது. ஒரு தாளில் படகை வரைந்து, எது எங்கே எத்தனை கிலோ என்று எழுதிப் பார்த்தேன். கேன்கள், நான், ராக்கையா, பெட்ரோல் டேங்க். எழுதி முடித்த பிறகுதான் ஓர் ஆளை எழுதவில்லை என்று உறைத்தது. முதலாளி நூற்றுப் பன்னிரண்டு கிலோ. முதல் நாள் படகில் ஏறியவர் நேராக முன்பக்கம் போய், வலது ஓரத்து மெத்தையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். காரிலும் அவருக்கு முன்சீட்டு, கோயிலிலும் முன்வரிசை. அன்றிலிருந்து அது அவருடைய இடம். நாங்கள் இடது பின்மூலையை அமுக்க அமுக்க, அவர் அதற்கு நேர் எதிர் மூலையில் உட்கார்ந்து அதைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

ராக்கையாவிடம் சொன்னேன். "எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும்ணே" என்றான்.

"ஏன்டா சொல்லல?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்."

சனிக்கிழமை அனுப்பிரியாவுக்குப் போன் செய்தேன். அவளும், "தெரியுமுங்கண்ணா" என்றாள்.

"உங்கப்பாதானே கண்ணு, சொல்லக் கூடாதா?"

"எந்திரிச்சுப் பின்னால போங்கன்னு அப்பாகிட்ட எப்படீங்க சொல்றது?" "அதைய விடப் பெருசா ஒண்ணு சொல்ல வேண்டியிருக்குதுங்க. அதுவே வாய்ல வர மாட்டேங்குது" என்றாள்.

என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது. போனை வைத்த பிறகு வெகுநேரம் சங்கடமாக இருந்தது. அவள் போக முடிவெடுத்துவிட்டாள். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல் காப்பியைப் பற்றிப் பேசுகிறாள்.

எங்கள் ஊர் மரியாதை பேர் போனது. நாய்க்குட்டியை விரட்டினாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் விரட்டுவோம். ஆனால் அந்த மரியாதை செய்த காரியத்தைப் பாருங்கள். ஓர் ஆளை எழுந்து நகரச் சொல்லாமல் இருப்பதற்காக, தெரிந்த இரண்டு பேரும் தெரியாத நானுமாக மூன்று வாரம் ஒரு டன் தண்ணீரைத் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறோம். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

நாலாவது ஞாயிறு. மறுநாள் அந்தத் திங்கட்கிழமை. முதல் ஓட்டத்தில் அதே கதை, ஐந்து எண்ணுவதற்குள் விழுந்தாள். திரும்பிப் பார்த்தேன். பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தாள். முன்னால் முதலாளி, "பரவால்ல சாமி, அடுத்ததுல வந்துரும்" என்று கையாட்டினார். அவளும் சிரித்துத் தலையாட்டினாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, எஞ்சினை அணைத்துவிட்டேன்.

"மொதலாளி, தப்பா எடுத்துக்காதீங்க. எந்திரிச்சுப் பின்னால போங்க."

"என்னது?"

"இடது பின்மூலைல போய் உக்காருங்க. இங்க நீங்க உக்காந்திருக்கற வரைக்கும் அலை வராதுங்க."

ராக்கையா திடீரென்று தண்ணீரில் எதையோ தேட ஆரம்பித்தான். முதலாளியின் முகம் சிவந்தது. பதினெட்டு வருடத்தில் அவரை நான் எழுந்திருக்கச் சொன்னதில்லை. அவர் வந்தால் நாங்கள்தான் எழுந்திருப்போம்.

"நானா காரணம்?"

"நூத்திப் பன்னெண்டு கிலோங்க. எதிர்ப்பக்கம்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு வாரமாங்க."

"புள்ளைக்கு?"

அவர் தண்ணீரில் இருந்த மகளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அது போதுமாக இருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். படகு ஆடியது. ராக்கையா நீட்டிய கையைப் பிடிக்காமல், சீட்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனார். அந்த மூலையிலிருந்து மூன்று கேனை எடுத்து வெளியே கொட்டி அவருக்கு இடம் செய்தோம். கால் நீட்ட இடமில்லாததால் பின்பக்கம் பார்த்துத்தான் அவர் உட்கார முடிந்தது.

தண்ணீர் அடங்கியதும் கிளப்பினேன். வேகம் பதினேழு கிலோமீட்டரைத் தொட்டபோது படகு இடது பக்கம் அமர்ந்தது; நான் பிடித்திருந்த ஸ்டீயரிங் வளையத்திலேயே அது தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தொடை உயரத்துக்கு அலை, மேலே நுரை இல்லாமல், வழவழவென்று எழுந்து வந்தது. அனுப்பிரியா கயிற்றை வீசினாள். அது முதலாளி மடியில் விழுந்தது.

"பத்து… பதினொண்ணு…" ராக்கையா எண்ணிக்கொண்டு வந்தான். அவள் விழவில்லை. அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் ஆள் நீளம்தான். ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை, எங்களில் யாரையும் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி நிமிர்த்தி, அலை மேல் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான்கு மாதமாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்த அந்த நல்ல பிள்ளைச் சிரிப்பு முகத்தில் இல்லை. அழகாக இருந்தாள். ராக்கையா நாற்பத்தியொன்று எண்ணியபோது பாறை வந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தேன். அலை அடங்கி அவள் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கினாள்.

முதலாளி திரும்பாமலே பேசினார். "வேலு, நாலு மாசமா இவ ஊட்ல இருக்கறா. தெனமும் சிரிச்சுப் பேசறா. இந்த மொகத்த ஒருநாளும் நான் பாக்கலியே."

"இனி வாரா வாரம் பாக்கலாமுங்க. அலைதான் வந்துருச்சே" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று எனக்கே தெரிந்தது.

அவள் ஏறி வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட, "எப்படீங்கப்பா?" என்றாள்.

"நாளைக்குப் பதில் போடோணுமில்ல?"

அவள் முகம் மாறியது. "ஆமாங்க."

"வர்றேன்னு போட்டுரு, கண்ணு."

"அப்பா, நான்…"

"எந்திரிங்கன்னு எங்கிட்டச் சொல்றதுக்கே மூணு வாரம் பயந்தவ நீ. போறேன்னு எப்படிச் சொல்லுவ? அதான் நானே சொல்லிட்டேன்."

அவள் அவர் காலடியில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். அவர் அவளுடைய ஈரத் தலையில் கையை வைத்தார். ராக்கையா மூக்கை உறிஞ்சினான். என் கண்ணும் கலங்கியது, அதை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து நான், "மொதலாளி, முன்னால வந்து உக்காருங்க, கரைக்குப் போயரலாம்" என்றேன்.

"கரைக்கு எதுக்கு?" என்றார். மடியில் கிடந்த கயிற்றை எடுத்து மகள் கையில் கொடுத்தார். "இன்னொருக்கா ஓட்டு வேலு. அவ போறதுக்குள்ள நான் நல்லாப் பாத்துக்கறேன்."

தண்ணீர் இன்னும் அடங்கியிருக்கவில்லை. நான் படகைத் திருப்பினேன்.