கடலை நோக்கிச் சரிந்த தரை

கதிரவன் கடலுக்குள் இறங்கிவிடுவதா, இன்னும் சிறிது நேரம் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதா என்று தயங்கிய மாலைப்பொழுதில், அலைகள் கொண்டுவந்து கொட்டிய நுரையெல்லாம் உருக்கிய பொன்போல் மின்ன, ஈரமணல் வானத்தின் நிறங்களை வாங்கித் தன் மார்பில் அணிந்துகொள்ள, இவ்விரண்டுக்கும் மேலே, கரைமேட்டில் ஒதுங்கிய வெண்சங்கு ஒன்று வளர்ந்து வளர்ந்து மாளிகையாகிவிட்டதோ என்று காண்போர் ஐயுறும்படி வீற்றிருந்தது அந்தக் கடலோர ஓய்வு விடுதி. அதன் சுண்ணச் சுவர்களுக்குக் கூர்மூலை என்பதே இல்லை. நெடுங்காலம் நீர் உருட்டிய கூழாங்கல்லைப்போல் ஒவ்வொரு திருப்பமும் மழுங்கி வளைந்திருந்தது. கதவுகள் நிற்கவேண்டிய இடங்களில் வளைவுகள் நின்றன. கூரை, கவிழ்த்துவைத்த பெரும்படகின் வயிற்றைப்போல் மரச்சட்டங்கள் தாங்க உயர்ந்திருந்தது. நடுவே ஓடிய நடைவழி நேரே போகாமல் பாம்புபோல் நெளிந்து சென்றமையால், அதன் முடிவில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் முன்கூட்டித் தெரிவதில்லை. தெரியும்போது அங்கே கடல் இருக்கும், பார்ப்பவர் அதன் எதிரில் நின்றுகொண்டிருப்பார்.

இத்தகைய எழிலிடத்தில், உலகமெல்லாம் கடலைப் பார்த்துக் கைகட்டி நிற்க, கடலுக்கு முதுகைக் காட்டி முழந்தாளிட்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தாள் ஒருத்தி. அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஓய்வுக்கு வந்த இடத்திலும் ஓய்வின்றி நின்றான் அவள் கணவன். அவள் கட்டடங்களுக்கு வரைபடம் வரைபவள்; விரலிடை பிசகினாலும் உறக்கம் கொள்ளாதவள்; அதனால் தெருவார் அவளுக்கு இட்ட பெயர் அளவுகோல். அவன் பல்மருத்துவன். இருவரும் விடுதிச் சுவரை அளந்த செய்தி அவர்கள் ஊர் திரும்புமுன்பே தெருவுக்கு வந்துசேர்ந்தது எவ்வாறு என்று வினவுதல் வீண். எதிர்வீட்டு அக்காளின் கொழுந்தனார் அதே விடுதியில் அடுத்த அறையில் தங்கியிருந்தார் என்ற ஒரு விளக்கமே போதும்.

அவள் அவ்வாறு அளந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. பல்மருத்துவனின் கை பூப்போன்றது. அது அவனிடம் சிகிச்சை பெற்ற சிலருக்குத் தெரியும். துன்பம் யாதெனில், அந்தச் சிலர் மிகச் சிலர். அவனுடைய மருத்துவ அறை தொடர்வண்டிப் பெட்டிபோல் நீண்டு நேராகக் கிடந்தது. வாயிலருகே இரும்பு நாற்காலியில் காத்திருப்பவர், மறுகோடியில் சாய்ந்து கிடக்கும் பெரிய நாற்காலியையும், அதன்மேல் ஒற்றைக்கண் அரக்கன்போல் தொங்கும் விளக்கையும், தட்டில் வரிசையாய்ப் பளபளக்கும் கருவிகளையும் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டே, துளைகருவியின் ஓசையையும் கேட்டுக்கொண்டே அமர்ந்திருக்கவேண்டும். அமர்ந்தோர் எழுந்தனர், எழுந்தோர் மீளவில்லை. அவர்களுள் தலையாயவர் பேருந்து நடத்துநர். முதல்முறை யாரோ அழைப்பதாகச் சொல்லி வெளியேறினார். இரண்டாம் முறை காலணியை யாரேனும் எடுத்துச் செல்லாமல் பார்த்துவருவதாகச் சொல்லிப் போனார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லவில்லை. காலணியையும் விட்டுவிட்டுப் போனார்.

இந்நிலையில்தான் அளவுகோலின் தமையனார் வந்து பேசினார். நான்கு மாடி மருத்துவமனைக்கு உரிமையாளரான அவர் உட்காரும் இருக்கை எதுவாயினும் அது தலைமை இருக்கையாகிவிடும். தங்கையின் கணவனைப் பார்த்து, இரக்கமும் பெருமிதமும் சம அளவில் கலந்த குரலில் சொன்னார்:

"மாப்பிள்ளை, எவ்வளவு நாளைக்குத்தான் காலி நாற்காலிக்கே வைத்தியம் பாப்பீங்க? நம்ம மூணாவது மாடியில ஒரு ரூம் ஒதுக்கிவெச்சிருக்கேன். பேசாம வந்து உக்காந்துடுங்க."

மைத்துனர் எது சொன்னாலும் "சரிங்க" என்பதே மருத்துவனின் மறுமொழி. அன்று அளவுகோல் முந்திக்கொண்டு, அறையைப் புதுக்கிப் பார்க்க ஒரு வாய்ப்பு வேண்டும் என்றாள். தமையனார் சிரித்தார். அந்த நடத்துநர் அந்த நாற்காலியில் அமர்ந்து வாயைத் திறக்கட்டும், அதன்பின் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றும், திறக்காமல் ஓடினால் மறுவாரமே அறையைப் பூட்டிவிட்டு மூன்றாம் மாடிக்கு வந்துவிடவேண்டும் என்றும் முடிவுகட்டினார். மருத்துவன் "சரிங்க" என்றான்.

தமையனாரின் நிழலில் வாழ்வது என்னவென்று அவள் அறிவாள். சிறுமியாய் இருந்த நாளில் அவளுடைய படிப்பு மேசை எந்தச் சுவரோரம் கிடக்கவேண்டும் என்பதைக்கூட அவரே முடிவுசெய்தார். வெளிச்சம் படும் பக்கம் நகர்த்தி வைத்தாள், பள்ளியிலிருந்து வருமுன் அது பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. மேசைகளின் இடத்தைத் தானே வரையும் தொழிலை அவள் தேர்ந்தது ஏன் என்று தெருவில் பலருக்கும் பல கருத்துண்டு. இதுவே மெய்யான காரணம். தான் தப்பிவந்த அந்த நிழலுக்குள் தன் கணவன் கைகட்டிக்கொண்டு நுழையப்போவதை எண்ணும்போதெல்லாம் அவள் கை அளவுநாடாவைத் தேடிற்று.

ஆகவே விடுதியைக் கண்ட கணமே அவள் கண்டுகொண்டாள். அங்கே அஞ்சுவோர் எவருமில்லை. ஏன் இல்லை? வளைந்த நடைவழி முடிவை மறைத்தது. சுவரோடு சுவராய்ப் பிறந்த தாழ்ந்த இருக்கை உடலைத் தாய்மடிபோல் ஏந்தியது. சுவரோரச் சிறுகால்வாயில் சலசலத்த நீர் மற்ற ஓசைகளை விழுங்கியது. இவற்றையெல்லாம் அளந்து எழுதிக்கொண்டவள், கடைசியாக ஒன்றைக் கண்டு மெய்சிலிர்த்தாள்: தரை சமமாக இல்லை. பத்தடிக்கு மூன்று விரல் வீதம் கடலை நோக்கிச் சரிந்திருந்தது. நடப்பவரை அவரறியாமல் முன்னே அழைத்துச் செல்லும் மறைபொருள் இதுவே என்று அவள் முடிவுகட்டினாள். நீராடித் திரும்புவோரின் காலோடு வரும் நீரும் மணலும் கழுவப்பட்டு வெளியேற வைத்த சரிவு அது என்னும் எளிய உண்மை, அழகை அளப்பதில் மூழ்கிய அந்த நுண்ணறிவுக்கு எட்டவில்லை. தன் நாடா பொய் சொல்லாது என்று நம்புகிறவர், நாடா சொல்லாததைக் கேட்பதில்லை.

ஊர் திரும்பியதும் வேலை தொடங்கிற்று. சுண்ணமும் மணலும் தெருவை அடைத்தன. வரைபடத்தைப் பார்த்த கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"தரை வாட்டத்தை உள்பக்கமா சரிச்சுப் போட்டிருக்கீங்களேம்மா. தண்ணி எங்க போய்ச் சேரணும்?"

"தண்ணி இல்லீங்க. வர்றவங்க மனசு போகணும்."

"மனசுக்கு வாட்டம் வெச்சு எனக்குப் பழக்கமில்லம்மா," என்றார் அவர். ஆயினும் வைத்தார், வாயிலிலிருந்து மருத்துவ நாற்காலியையும் கடந்து பின்சுவர்வரை, அவள் சொன்ன மூன்று விரல் பிசகாமல் வைத்தார். இரண்டு திங்களில் தொடர்வண்டிப் பெட்டி சங்கின் உட்புறமாயிற்று. எதிர்வீட்டு அக்காள் உள்ளே நுழைந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பல்லு பிடுங்கிட்டு அப்படியே படகுல ஏறிப் போயிடலாம் போல," என்று கருத்துரைத்தாள். தெருவார் அதை ஆறு வீட்டுக்குச் சொல்லி மகிழ்ந்தனர்.

திறப்பு நாளின் காலை. இளவெயில் நீண்ட ஒடுங்கிய சாளரங்களின் வழியே நாடாக் கீற்றுகளாய் இறங்கி வெண்சுவரில் சாய்ந்திருக்க, கால்வாய் நீர் தனக்குள் ஏதோ பேசிக்கொண்டிருக்க, தமையனார் வந்தார், வெறுங்கையோடு வரவில்லை. தம் மருத்துவமனையில் உள்ளதைப் போன்றே ஐந்து உருளும் சக்கரங்கள் பூட்டிய புத்தம்புது இருக்கை ஒன்றைப் பரிசாகக் கொண்டுவந்து, மருத்துவன் அமர்ந்து வேலைசெய்யும் நாற்கால் பலகையைத் தாமே தூக்கி வெளியே வைத்துவிட்டு, அதைப் பெரிய நாற்காலியின் அருகில் நிறுத்தினார். மருத்துவன் "சரிங்க" என்றான்.

பிறகு நடத்துநர் வந்தார். கன்னத்தில் எலுமிச்சங்கனி ஒன்றை ஒளித்துவைத்தவர்போல் ஒருபக்கம் வீங்கியிருந்தது. கடைவாய்ப்பல் வலியால் இரண்டு நாளாக ஊதல் ஊத இயலாமல் பேருந்தின் பக்கவாட்டைத் தட்டித் தட்டியே வண்டி ஓட்டுவித்தாராம். முழங்கையைப் பற்றியபடி அவர் மனைவி உடன்வந்தாள். தாங்குவதற்காகப் பற்றினாளா, தப்பாமல் இருக்கப் பற்றினாளா என்பது வேறு செய்தி. அவர் தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தார், சுற்றிப் பார்த்தார், அஞ்சுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. பெயரைச் சொல்லி அழைத்ததும் எழுந்து நெளிவழியில் நடந்தார். வளைவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்ற அளவுகோல் அவருடைய காலடிகளை எண்ணினாள். பன்னிரண்டாம் அடியில் அவர் நாற்காலியின் எதிரில் இருந்தார். பதினான்காம் அடியில் அதில் சாய்ந்திருந்தார்.

சாய்ந்த பின்னரே விளக்கைக் கண்டார். கண்டதும் இரண்டு உதடுகளும் ஒட்டிப்போயின. மருத்துவன் கெஞ்சினான், "ம்ஹூம்" என்ற ஒலி மூக்கின் வழியே வந்தது. வளைவின் மறுபக்கம் நின்ற தமையனார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளுக்குக் காலின்கீழ் நிலமே நழுவுவதுபோல் இருந்தது.

உண்மையில் நழுவியது வேறொன்று. சிறிய கண்ணாடியை மட்டும் கையிலேந்தி, புதிய இருக்கையில் அமர்ந்து, நோயாளியின் முகத்தருகே குனிந்த மருத்துவன், தேரில் அமர்ந்த அரசனைப்போல் முகம் மாறாமல், இருக்கையோடு மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கினான். போய்ப் பின்சுவரில் இடித்து நின்றான். ஒன்றும் நடவாதவன்போல் கால்களால் உந்தி மீண்டுவந்தான், குனிந்தான், மீண்டும் போனான். மூன்றாம் முறை வந்தவன் ஒருகையால் நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டு, நெற்றி வேர்க்க, குரல் தாழ்த்தி வேண்டினான்:

"தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் என் கையைப் பிடிச்சுக்குறீங்களா?"

நடத்துநர் பிடித்தார். எந்தக் கைக்கு அஞ்சி மூன்றுமுறை ஓடினாரோ அந்தக் கை தம் கையை இறுகப் பற்றிக்கொள்வதை உணர்ந்தார். இருபது ஆண்டுகளாய் ஆடும் வண்டியில் நின்றுகொண்டு ஊரையெல்லாம் தாங்கிய அந்த மனிதருக்கு, தாம் நன்கறிந்த தொழில் ஒன்று திடீரென்று கைக்கு வந்துவிட்டது. முகம் மலர்ந்தது, உதடு பிரிந்தது.

"நல்லாப் பிடிச்சு உக்காருங்க டாக்டர். வண்டி கெளம்புது."

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், கடைவாய்ப்பல் என்ன, உள்நாக்குவரை தெரிந்தது. மருத்துவனும் சிரித்தான், நாற்காலியின் மறுபக்கம் நின்ற அவர் மனைவியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் கண்ணாடி உள்ளே சென்று வந்துவிட்டது. பல்லைப் பிடுங்கவேண்டியதில்லை, குழியைத் துளைத்து அடைத்தால் போதும் என்றான். புதிய இருக்கையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நின்றபடியே வேலையை முடித்தான். கால்வாய் நீரோசையில் துளைகருவியின் ஓசை கரைந்தது. நடத்துநர் ஓடவில்லை; போகும்போது காலணியை மறக்கவுமில்லை.

வளைவின்கீழ் நின்ற தமையனார் உள்ளே வந்தார். இருக்கை உருண்டது பிழை என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அதுவும் அவளுடைய திட்டமென்றே எண்ணினார்; தம் தங்கையின் வரைபடத்தில் பிழை வராது என்பதை ஊரோடு சேர்ந்து அவரும் நம்பியிருந்தார் என்பது அன்றுதான் வெளிப்பட்டது. தரையைக் காலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்க. நம்ம மூணாவது மாடிக்கும் இதே மாதிரி போட்டுக் குடு."

"எடத்தை அளந்து பாத்துத்தான் சொல்லணும், அண்ணா," என்றாள் அவள். அவர் ஓர் இமைப்பொழுது நின்று, "சரிம்மா," என்றார். தன் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து அச்சொல்லை அவள் கேட்டது அதுவே முதன்முறை.

அவர் சென்றபின் அவள் தாழ்ந்த இருக்கையில் தொப்பென்று அமர்ந்தாள். அடக்கிவைத்த மூச்செல்லாம் ஒன்றாய் வெளியேற, கண்ணில் நீரும் வாயில் சிரிப்புமாய்க் கணவனிடம் உண்மையைச் சொன்னாள்.

"அது அங்க தண்ணி ஓடறதுக்கு வெச்ச வாட்டம்ங்க. இப்பத்தான் எனக்கு உறைச்சுது."

"எனக்கு அங்கயே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல. நம்ம பழைய பலகை எங்கயும் உருளாதேன்னு இருந்துட்டேன்," என்றான் அவன், அவளருகில் அமர்ந்தபடி.

மறுவாரம் மருத்துவ நாற்காலி நிற்குமிடத்தில் மட்டும் தரை சமமாக்கப்பட்டது; ஏனைய இடத்தில் சரிவு அப்படியே விடப்பட்டது. காத்திருப்போர் இருக்கையில் இடம் பிடிக்க இப்போது முந்தவேண்டியிருக்கிறது. ஓர் அழகை எங்கிருந்தோ அளந்து கொண்டுவந்து நம் சிறிய அறைக்குள் வைக்கும்போது, அதனோடு அதன் காரணங்களும் வந்துவிடுவதில்லை. புதிய காரணங்களை அங்கு வாழ்வோரே தேடிக்கொள்ளவேண்டியிருக்கிறது. அச்சமே நுழையாத அறையைக் கட்டவல்ல கைகள் இவ்வுலகில் இல்லை. ஆனால் எதிரில் அமர்ந்திருப்பவனும் தன்னைப்போலவே எதையோ இறுகப் பற்றிக்கொண்டுதான் அமர்ந்திருக்கிறான் என்பதை ஒருவன் கண்டுகொள்ளும் இடத்தில், சுவர் எவ்வாறு வளைந்திருந்தாலும், தரை எப்பக்கம் சரிந்திருந்தாலும், வாய் தானே திறந்துகொள்கிறது. நெஞ்சும் அதன்பின்னே மெல்லத் திறந்துகொள்கிறது.