கொம்பியூட்டருக்கு எப்போதும் தை மாதம்

என் புருசன் சாமித்தம்பி வாவியில் வலை போடுகிறவர். அவரை ஆமி பிடித்துவைத்த அந்தக் காலையில் எனக்கு வந்த கோபமெல்லாம் ஆமிக்காரன்மேல் அல்ல, நல்லரத்தினம் அண்ணன்மேல்தான்.

நல்லரத்தினம் அண்ணன் கல்லடிப் பாலத்தடியில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தார். கலியாணக் காட், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் அடிப்போம். இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் மீனவர் சங்கம் எல்லாருக்கும் பாஸ் அடிக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்தது. பாஸ் இல்லாமல் தோணியைத் தண்ணீரில் தள்ளவே முடியாத காலம் அது. படம் எடுக்க இவரோடு நானும் போனேன். அண்ணனின் வாய் ஓயவில்லை.

“அசல் சொப்ட்வெயருக்கு ஒரு தோணி வாங்குற காசு கேக்கிறானுகள் தங்கச்சி. கொழும்பில ஒருத்தன் விலைக்கழிவில தந்தான், ஒரு சோடி செருப்பு விலைக்கு! ரெண்டும் ஒண்டுதான்.”

பாஸ் வந்ததும் நாங்கள் எதைப் பார்த்தோம்? முகத்தைப் பார்த்தோம், சங்கத்து முத்திரையைப் பார்த்தோம். இவர் முழி பிதுங்கி நிற்கிற படத்தைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ஈரம் படாமல் பொலித்தீனில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, இடுப்புச் சாரனில் செருகிக்கொண்டார். துறையில் நின்ற ஆமிக்காரர்களுக்கு இவரைத் தெரியும். பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினால் விட்டுவிடுவார்கள். ஒருவரும் அதை அவிழ்த்ததில்லை.

ஆவணியில் பழைய ஆட்களை மாற்றிப் புதியவர்களைப் போட்டார்கள். முதல் நாளே கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். பாஸ் போன வருஷம் தையோடு முடிந்துபோயிருந்தது. இந்தச் சித்திரையில்தான் தந்தார்கள் என்று இவர் சொன்னாராம். இந்தச் சித்திரையில் தந்த பாஸ் போன வருஷமே எப்படி முடியும், இது கள்ளப் பாஸ் என்று முகாமுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பிடித்த திரளி மீன் தோணியிலேயே கிடந்தது. பின்னால் வந்த தோணிக்காரர் கரைக்கு வராமலே திரும்பி, வேறு பக்கத்தால் ஓடிவந்து எனக்குச் சொன்னார்.

அந்த நாட்களில் உள்ளே போனவர் திரும்பி வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. நேரே அண்ணனின் கடைக்குப் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அண்ணனுக்கு முகம் செத்துப்போனது.

“முடியிற திகதி தானா விழும் தங்கச்சி. அடிக்கிற நாளில இருந்து ஒரு வருஷம் எண்டு அதுவே கணக்குப் பாத்துப் போடும்.”

“அப்ப ஏன் பிழையா விழுந்திச்சி?”

“இந்தச் சொப்ட்வெயர் ஒரு மாசம்தான் ஓடும். மாசம் முடிய முதல் கொம்பியூட்டர்ர திகதியப் பின்னுக்குத் தள்ளுங்க எண்டு அவன் சொன்னவன். அதால இதுக்கு எப்பவும் ரெண்டாயிரத்து நாலு தைதான். பாஸ் அடிக்கக்குள்ள எனக்கு அது நினைப்பு வரல்ல.”

வாயில் வந்ததெல்லாம் பேசினேன். “செருப்பு விலைக்கு வாங்கி என்ட புருசன வித்துப்போட்டீங்களே!” என்றேன். அவர் கொழும்புக்காரனுக்குப் போன் அடித்துப் பார்த்தார். அந்த நம்பர் பாவனையிலேயே இல்லை.

“முகாமுக்கு வந்து சொல்லுங்க” என்றேன்.

“சொன்னா நம்புவானுகளா? செஞ்சி காட்டோணும். உண்மைத் திகதிய வெச்சா இது பூட்டிரும், பிறகு திறக்கவே திறக்காது எண்டும் அவன் சொன்னவன். என்ட தொழில் முழுக்க இதுக்குள்ளதான் இரிக்கி தங்கச்சி.”

“என்ட எல்லாம் முகாமுக்குள்ள இரிக்கி அண்ணே.”

அண்ணன் வயர்களைக் கழற்றத் தொடங்கினார். பெட்டியை அவர் தூக்க, திரையை நான் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். வழி நெடுக ஏசிக்கொண்டுதான் போனேன்.

முகாமில் இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். அண்ணன் நடந்ததைச் சொல்லி, அவர் கண்முன்னாலேயே ஒரு பாஸைத் திரையில் வரவைத்தார். அதே பழைய தை விழுந்தது. அதிகாரிக்கு அது போதவில்லை.

“இன்றைய திகதியைப் போடு” என்றார்.

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போட்டார். பாஸ் மறைந்து, காலம் முடிந்துவிட்டது என்று இங்கிலீசில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அவசரமாகத் திகதியைப் பின்னுக்குத் தள்ளினார். திறக்கவில்லை. திரும்பவும் தள்ளினார். அதே பெட்டிதான் வந்தது. அதிகாரி சிரித்துவிட்டார். சிங்களத்தில் ஏதோ சொல்ல, ஒருவன் போய் என் புருசனைக் கூட்டிவந்தான்.

இவருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. வெளியே கொம்பியூட்டர்ப் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்ற அண்ணனைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“நல்ல நேரம் வந்தீங்க அண்ணே. கொம்பியூட்டரும் கையோட இரிக்கி. ஒரு புதுப் பாஸ் அடிச்சித் தாங்க, நாளைக்குத் தோணி தள்ளணும்.”

நான் இவர் கையைக் கிள்ளினேன். “ஓம் தம்பி, பாப்பம்” என்றார் நல்லரத்தினம் அண்ணன். அவ்வளவு ஏசின எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.