வெற்றுத் துணியில் வைத்த விரல்

இப்போதெல்லாம் எவனைப் பார்த்தாலும் எதன்மேலாவது பெயரை எழுதிவிடுகிறான். ஃபிரிட்ஜில் வைக்கும் தண்ணீர் பாட்டிலில் பெயர், காயாத சிமெண்டில் பெயர், கக்கூஸ் கதவில் பெயரோடு போன் நம்பர். படம் வரைகிறவர்கள் இன்னும் மோசம். மூலையில் பெயரை எழுதிவிட்டுத்தான் என்ன வரையலாம் என்று யோசிக்கவே உட்காருகிறார்கள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. தமிழ் எழுதப் படிக்க வரும். இருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன், கைநாட்டுத்தான். கையெழுத்தை எவனும் பார்த்துப் போட்டுவிடலாம். என் கட்டைவிரல் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் வெற்றுத் தாளில் வைக்கமாட்டேன். எண்பத்தாறில், சவூதியில் தம்மாமில் ஒரே ஒரு தடவை வைத்தேன். இரண்டு வருடம் லீவு கேட்கமாட்டேன் என்று நானே சொன்னதாக மேலே எழுதிக்கொண்டார்கள்.

இது துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில், இரண்டாயிரத்து நாலில் நடந்தது. மலையடியில் மூடிப்போன கல்குவாரி கேம்புக்கு நான் வாட்ச்மேன். அர்பாப் என்று நாங்கள் சொல்லும் எங்கள் முதலாளிக்குப் படம் என்றால் பிரியம். வரைகிறவர்களுக்கு அந்தக் கேம்பைத் திறந்துவிட்டார். பாலைவனத்தில் ஓவியர்களுக்கென்றே ஓர் ஊர் உண்டாகப் போகிறதாம். உண்டானது ஆறு ரூம், ஒரு தண்ணீர் டேங்க், நான்.

வெள்ளி தவறாமல் வருகிறவர்கள் இரண்டு பேர். நாகர்கோவில் பத்மநாபனுக்கு விசாவில் கொத்தனார் வேலை. யாழ்ப்பாணத்துச் சிவமலருக்கு விசாவில் சமையல் வேலை. அந்தப் பெண் போட்ட டீயை நான் ஒருமுறை குடித்தேன். இரண்டாம் முறை குடிக்கவில்லை. மணலுக்கு என்ன நிறம் என்று காலையில் சண்டை தொடங்கினால் மதியச் சோறு ஆறிப்போகும். மணலுக்கு மணல் நிறம்தான் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

விசாவில் பெயிண்டர் என்று இருந்தது எனக்கு மட்டும்தான். ஏஜெண்டிடம் அன்றைக்கு அந்த விசாதான் மிச்சம். பிரஷ்ஷை நான் தொட்டதில்லை. அடுத்த மாதம் ஒரேயடியாக ஊர் போவதென்று விசா கேன்சல் பேப்பரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அர்பாப் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவரோ இன்று, நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை லேபர் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். விடுமுறையில் வேலை செய்கிற அரசாங்க ஆளை அன்றுதான் பார்த்தேன். விசாவில் இல்லாத வேலையை யாராவது செய்கிறார்களா என்று மூன்று பேர் கார்டையும் வாங்கிப் பார்த்தார். சுவரெல்லாம் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார்.

"கொத்தனார் ஒருத்தன், சமையல்காரி ஒருத்தி, பெயிண்டர் ஒருத்தன்," என்று இந்தியில் எண்ணினார். "இதையெல்லாம் வரைந்தது யார்?"

பத்மநாபன் கண்ணிமைக்காமல் என்னைக் காட்டினார்.

"யோவ்!"

"மிண்டாம நில்லும் அண்ணாச்சி. உம்ம கார்டுலதானே பெயிண்டருன்னு கெடக்கு?"

"அப்படியா? என் முன்னால் வரை," என்றார் இன்ஸ்பெக்டர். "பொய் என்றால் கேஸ். கேஸ் முடியும்வரை யாரும் ஊர் போகமுடியாது."

என் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் துணிச் சட்டத்தை முன்னால் நிறுத்தினார்கள். சிவமலர் ஒரு சாசரில் நீலத்தைப் பிழிந்து நீட்டினார்.

"ஏதாவது கீறுங்கோ ஐயா. ஒரு ஒட்டகமாவது."

"ஒட்டகத்துக்கு எத்தன காலுன்னே இப்ப மறந்துபோச்சு, தாயி."

எதிரில் ஆபீசர், கையருகில் நீல மை, முன்னால் வெள்ளை. இருபது வருடப் பழக்கம். கை தானாகப் போனது. கட்டைவிரலை மையில் தோய்த்து, கீழே வலது மூலையில் அழுத்தமாக வைத்தேன்.

"அவ்வளவுதானா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கலாஸ், முடிந்தது," என்றேன்.

பத்மநாபன் குறுக்கே விழுந்தார். "சார், இந்த வெள்ளை முழுக்கப் பாலைவனம். அது ஒரு மனிதன்."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாக மணலைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். மறுபடி மணலைப் பார்த்தார். "போகிற இடமெல்லாம் ஒட்டகமாகவே வரைகிறார்கள், இவனாவது மனிதனை வரைந்தான்," என்று பெருமூச்சு விட்டுக் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். சிவமலர் டீ கொண்டுவருவதற்குள் கிளம்பியும் விட்டார். அதிர்ஷ்டக்காரர்.

அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக் குதித்தார்கள். நான் துணியைப் பார்த்தேன். அடியில் என் விரல். மேலே ஐந்தடி வெற்றிடம்.

"அழிங்க."

"ஐயோ, என்ன சொல்லுறியள்? இது உங்கட முதல் படம்!"

"படமில்ல தாயி, வெத்துத் தாளு. இன்னும் அஞ்சு வருசம் இருக்கேன்னு மேல எவனாவது எழுதிப்புட்டா?"

"துணியில யாரு அண்ணாச்சி எழுதப் போறா?"

"தம்மாம்லயும் இதைத்தான் கேட்டேன்."

பத்மநாபன் பல்லைக் காட்டினார். "அர்பாபுக்குப் போன் போட்டாச்சு. ஆபீசுல மாட்டணுமாம், இப்ப வந்துருவாரு."

போயும் போயும் முதலாளியின் ஆபீஸ்! பெரிய பிரஷ் ஒன்றைக் கறுப்பில் முக்கி, மேல் இடது மூலையிலிருந்து விரலுக்குப் பக்கம் வரை சாய்வாக ஒரே கோடு இழுத்தேன். பத்திர ஆபீசில் எழுதாத இடத்தை அப்படித்தான் அடிப்பார்கள்.

சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டார். பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "இப்பத்தான் முழுசா முடிஞ்சிருக்கு," என்றார், கும்பிடாத குறையாக.

அர்பாப் வந்து படத்தின் முன் நின்று நெஞ்சில் கைவைத்தார். "இப்படி ஒரு பெயிண்டரை வைத்துக்கொண்டா கேட்டுக்குக் காவல் போட்டேன்? கேன்சல் மாஃபி, கேன்சலே கிடையாது! உன்னை விடமாட்டேன்," என்று சிரித்தார்.

"பாத்தீங்களா, எழுத ஆரம்பிச்சிட்டாரு!" என்று கத்திவிட்டேன்.

சிவமலர் என் பயத்தை ஆங்கிலத்தில் விளக்கினார். அர்பாப் இன்னும் சிரித்தார். என் பேப்பரை வாங்கிக் காரின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் சாசரை நீட்டினேன்.

"விரலும் வைக்கணும்."

வைத்தார். விரலுக்குமேல் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேப்பரை மடித்தேன்.

படத்தைக் காரில் ஏற்றினார்கள். "இனி என்ன பயம், ஐயா?" என்றார் சிவமலர். கடைசியாக ஒருமுறை பார்த்தேன். கோட்டுக்கும் என் விரலுக்கும் நடுவே நாலு விரற்கடை இடம் கிடந்தது. அரபியைப் பொடியாகவும் எழுதலாம். கேட்டைப் பார்த்து நடந்தேன்.